தண்டவாளம் காட்டும் வழி: ராணிகஞ்ச், ஜாரியா வட்டாரத்துப் பழைய சுரங்கங்களை வரைபடமாக்குவது

பழைய நிலக்கரிச் சுரங்கங்களைத் தேடிக் கிளம்புகிறவர்கள் நேராகச் சுரங்கத்தையே தேடுகிறார்கள். மேற்கு வங்காளத்து ராணிகஞ்சிலும் ஜார்கண்டின் ஜாரியாவிலும் அப்படித் தேடினால் பாதிகூடக் கிடைக்காது. வேலை முடிந்ததும் குழியை நிரப்பிவிடுவார்கள். ஹெட்கியர் என்று அங்கே சொல்லும் இரும்புக் கோபுரம் பழைய இரும்பு விலைக்குப் போய்விடும். பின்னால் வந்த திறந்தவெளிச் சுரங்கம் பல இடங்களில் பழைய தரையையே வெட்டி எடுத்துவிட்டது. ஆனால் கரியை வெளியே கொண்டுபோன ரயில் பாதை அவ்வளவு சுலபமாக அழிவதில்லை. தண்டவாளம் போனாலும் மண்கரை நிற்கும். மண்கரை போனாலும் நில உடைமை எல்லை அதே வளைவில் கிடக்கும். ஆகவே முதலில் ரயிலை வரையுங்கள், பிறகு அதன் கிளை நுனிகளில் சுரங்கத்தைத் தேடுங்கள். இந்த அத்தியாயம் முழுக்க அந்த முறையைத்தான் சொல்லப்போகிறது.

அதற்கு முன் ஒன்று. இந்த வேலையைப் பழம்பொருள் ஆர்வமாக மட்டும் நினைத்துத் தொடங்காதீர்கள். 1975 டிசம்பர் 27 அன்று ஜாரியா நிலக்கரி வயலில் சாஸ்நாலா சுரங்கத்துக்குள் பழைய வேலைத்தளத்தில் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது; சுமார் 375 பேர் இறந்தார்கள். 1989 நவம்பர் 13 அன்று ராணிகஞ்சின் மகாவீர் சுரங்கத்திலும் வெள்ளம் புகுந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட 71 பேரில் 65 பேரைப் பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில், புதிதாகத் துளைத்த துளை வழியே இரும்புக் கூண்டை இறக்கி மேலே கொண்டுவந்தார். 2001 பிப்ரவரியில் பாக்டிகி சுரங்கத்தில் 29 பேர் இறந்தார்கள். அங்கே வந்தது பக்கத்தில் கைவிடப்பட்ட ஜெய்ராம்பூர் சுரங்கத்தின் நீர். கைவிட்ட வேலைத்தளத்துக்கு 60 மீட்டருக்குள் போவதென்றால் தனி அனுமதி வேண்டும் என்று 2017 வரை நடப்பிலிருந்த 1957-ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க விதிமுறைகள் சொல்லின. பழைய வேலைத்தளம் எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தானே அந்த 60 மீட்டரை அளக்க முடியும்? தெரியாத இடத்தில் தெரிந்ததுபோல ஒரு கோடு போடுவது அங்கே உயிரோடு விளையாடுவது. ஒவ்வொரு கோட்டுக்கும் அதன் ஆதாரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று இந்த அத்தியாயம் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

காலத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எந்தக் காலத்துச் சுரங்கம் என்று தெரிந்தால் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஏனென்றால் கரி எப்போதும் போக்குவரத்தின் பக்கத்தில்தான் வெட்டப்பட்டது.

முதல் காலம் ஆற்றின் காலம். 1774-இல் சம்னர், ஹீட்லி என்ற இருவர் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் உரிமம் வாங்கி வெட்டிப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. 1820 வாக்கில்தான் ராணிகஞ்சில் ஒழுங்கான சுரங்க வேலை தொடங்கியது. 1836-இல் துவாரகநாத் தாகூர் ராணிகஞ்ச் சுரங்கத்தை வாங்கினார். 1843-இல் பெங்கால் கோல் கம்பெனி உருவாயிற்று. இந்தக் காலம் முழுவதும் கரி தாமோதர் ஆற்றில் படகேறித்தான் போனது. கோடையில் வெட்டிக் கரையில் குவித்து வைப்பார்கள். மழைக்கால வெள்ளம் வந்ததும் படகில் ஏற்றி ஆம்தா வழியாகக் கல்கத்தாவுக்கு அனுப்புவார்கள். எனவே 1855-க்கு முந்தைய சுரங்கத்தைத் தேடுகிறவர் ஆற்றங்கரையிலிருந்து அதிகம் விலக வேண்டியதில்லை. ராணிகஞ்சுக்குத் தெற்கே நாராயண்குரி படித்துறைப் பக்கம் துவாரகநாத்தின் கார்–தாகூர் கம்பெனிக் காலத்துக் கட்டட இடிபாடுகள் இருக்கின்றன. இந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

1855 பிப்ரவரி 3 அன்று ஹவுராவிலிருந்து ராணிகஞ்ச் வரை ஈஸ்ட் இந்தியன் ரயில்வே திறக்கப்பட்டது. அன்றோடு ஆற்றின் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. 1865-இல் பராகர் வரை கிளை. 1871-இல் சீதாராம்பூரிலிருந்து பிரியும் கார்டு லைன் என்ற குறுக்குப் பாதை; அதே ஆண்டு மதுப்பூரிலிருந்து கிரிடீ கிளை, அங்கே ரயில்வேக்கே சொந்தச் சுரங்கங்கள் இருந்தன. ஜாரியாவில் கரி இருப்பது முன்பே தெரிந்திருந்தாலும் 1894-இல் பராகரிலிருந்து தன்பாத், கத்ராஸ் பக்கம் பாதை நீண்ட பிறகுதான் அந்த வயல் விழித்தது. 1906-இல் கிராண்ட் கார்டு வந்தது. தெற்கிலிருந்து பெங்கால் நாக்பூர் ரயில்வேயும் நுழைந்து போட்டி போட்டதால், ஒரே சுரங்கத்துக்கு இரண்டு கம்பெனிகளின் சைடிங் (சுரங்கத்துக்குப் பிரியும் பக்கப் பாதை) இருப்பதைக்கூடச் சில இடங்களில் பார்க்கலாம். ஜாரியாவில் 1894-க்கு முந்தைய தேதி போட்ட பெரிய சுரங்கம் ஏதாவது உங்கள் பட்டியலில் இருந்தால் அதை மறுபடி சரிபாருங்கள்.

அடுத்த திருப்பம் நாட்டுடைமை. 1972-இல் கோக் செய்ய உதவும் கோக்கிங் கரிச் சுரங்கங்கள் 214, 1973-இல் மற்றவை 711 அரசு வசமாயின. சிறு சுரங்கங்கள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்துப் புதுப் பெயர் வைத்தார்கள். பெயர்க் குழப்பத்தின் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

எங்கே எதைத் தேடுவது

இந்தியச் சர்வேயின் பழைய ஓரங்குல வரைபடத் தாள்கள் அடிப்படை. ஒரு மைல் தூரம் ஓர் அங்குலமாக வரும் அளவு. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அச்சான தாள்களில் சுரங்கங்கள் பெயரோடும் சைடிங்குகள் தனிக்கோட்டோடும் இருக்கும். தாள் எண்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: ராணிகஞ்ச் 73 எம்/2, அசன்சோல் 73 ஐ/14, தன்பாத், ஜாரியாப் பக்கம் 73 ஐ/5, ஐ/6. இன்றைய 1:50,000 திறந்த வரிசை வரைபடங்களைச் சர்வேயின் இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அவை ஒப்பிடுவதற்கு.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் நினைவேடுகளைத் தவறவிடாதீர்கள். ஜாரியாவுக்கு சி. எஸ். ஃபாக்ஸ் 1930-இலும், ராணிகஞ்சுக்கு இ. ஆர். ஜீ 1932-இலும் எழுதியவை. எந்த நிலக்கரிப் படுகை எங்கே மேலே வருகிறது, எந்தச் சுரங்கம் எந்தப் படுகையை வெட்டியது என்பது அவற்றில் இருக்கிறது. ஜாரியாவில் படுகைகளுக்குக் கீழிருந்து மேலாக எண். ராணிகஞ்சிலோ திஷேர்கர், சாங்க்டோரியா, பொனியாட்டி, ஜாம்பாத், கூசிக் என்று ஊர்ப் பெயர்கள். சுரங்கத்தின் பெயரும் படுகையின் பெயரும் ஊரின் பெயரும் ஒன்றாக இருக்கும்போது ஆவணம் எதைச் சொல்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் மிக உயர்வாக மதிப்பது மவுசா வரைபடம். வருவாய்த்துறையின் கிராம வரைபடம் அது. வங்காளத்திலும் பீகாரிலும் ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம் என்ற பெரிய அளவில் வரைந்தார்கள். நிலக்கரிக் குத்தகைகள் எல்லாம் மவுசாக் கணக்கில்தான் எழுதப்பட்டன. சுரங்கத்தின் பெயர் மூன்று முறை மாறியிருக்கலாம். மவுசாவும், வருவாய்த்துறைப் பட்டியலில் அதற்குக் கொடுத்த ஜெ.எல். எண்ணும் பெரும்பாலும் மாறாது. ரயிலுக்காகக் கையகப்படுத்திய நிலம் அதில் ஒல்லியான நீண்ட மனையாகத் தனித்துத் தெரியும். தண்டவாளத்தைப் பிடுங்கி ஐம்பது வருடம் ஆனாலும் அந்த மனை அப்படியே இருக்கும்.

வானிலிருந்து பார்க்க கொரோனா உளவுச் செயற்கைக்கோளின் படங்கள். 1960 முதல் 1972 வரை அமெரிக்கா எடுத்தவை, 1995-இல் ரகசியம் நீங்கி வெளிவந்தன. கடைசி வரிசைக் கேமராக்களில் இரண்டு மீட்டர் அளவுள்ள பொருள்கூடத் தெரியும். நாட்டுடைமைக்கும் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களுக்கும் முந்தைய நிலத்தோற்றம் நமக்கு இவ்வளவு தெளிவாக வேறெதிலும் கிடைப்பதில்லை. கிளைப்பாதை, கரிமேடு, தொழிலாளர் குடியிருப்பு வரிசை எல்லாம் அப்படியே இருக்கும்.

சுரங்கத்துக்குள் வெட்டப்பட்ட வழிகளின் படங்கள் வேறு வகை. அவை நிலக்கரிக் கம்பெனிகளிடமும், தன்பாத்திலுள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்திலும் இருக்கும். வெளியாருக்கு எளிதில் கிடைக்காது. முதல் சுரங்கச் சட்டம் 1901-இல்தான் வந்தது. அதற்கு முன் கைவிட்ட சுரங்கத்துக்கு நம்பத்தக்க உட்படம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்படிப்பட்ட சுரங்கங்களைத் தனி நிறத்தில் குறிப்பது நல்லது. அபாயம் அதிகமானவை அவைதான்.

சென்னையின் பிழை, எவரெஸ்டின் பிழை

பழைய தாளை ஸ்கேன் செய்து கணினியில் சரியான இடத்தில் உட்கார வைப்பதற்கு கியூஜிஸ் என்ற இலவச மென்பொருளில் ஜியோரெஃபரன்சர் கருவி இருக்கிறது. இதில் பலரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்: தாளின் ஓரத்தில் அச்சிட்ட தீர்க்கரேகையை அப்படியே தட்டச்சு செய்துவிடுகிறார்கள்.

இந்தியாவின் தீர்க்கரேகைகள் எல்லாம் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தை வைத்து அளக்கப்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வானாய்வகத்துக்குக் கொடுத்திருந்த தீர்க்கரேகை மதிப்பு உண்மையைவிடச் சுமார் இரண்டரை நிமிடம் கூடுதல். பிறகு அதைத் திருத்தினார்கள். திருத்தத்துக்கு முந்தைய தாள்களின் அடிக்குறிப்பில், தீர்க்கரேகையிலிருந்து 2 நிமிடம் 27 விநாடி கழிக்க வேண்டும் என்ற மாதிரி ஒரு வரி சின்ன எழுத்தில் இருக்கும். தன்பாத் அட்சரேகையில் அது நான்கு கிலோமீட்டருக்கும் மேல். கழிக்காமல் விட்டால் உங்கள் சுரங்கம் அடுத்த ஊருக்குப் போய் உட்கார்ந்துவிடும்.

திருத்தம் வந்த பிறகான தாள்களிலும் ஒரு விலகல் மிச்சமிருக்கிறது. அவை எவரெஸ்ட் என்ற பழைய பூமிக் கோளவுருவை வைத்து வரையப்பட்டவை, கைப்பேசியின் ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யு.ஜி.எஸ். 84. இரண்டுக்கும் இந்த வட்டாரத்தில் இருநூறு மீட்டருக்கும் மேல் வித்தியாசம் வரும். தாளைச் சேர்க்கும்போது எந்தக் கோளவுரு என்பதை மென்பொருளிடம் சரியாகச் சொல்லுங்கள்.

ஓர ரேகைகளை மட்டும் நம்பாமல் தரையிலுள்ள புள்ளிகளாலும் கட்டுங்கள். பராகரின் பழைய கற்கோயில்கள், ஜி.டி. ரோடும் (கிராண்ட் டிரங்க் சாலை) ரயிலும் வெட்டிக்கொள்ளும் இடங்கள், பாலங்களின் முனைகள், பெரிய ஏரிகளின் மூலைகள் நல்ல புள்ளிகள். ஆற்றங்கரை கூடாது. தாமோதர் கரை மாற்றிக்கொண்டே இருந்த ஆறு. போதாததற்கு 1957-இல் மைதான் அணையும் 1959-இல் பாஞ்சேத் அணையும் வந்து நிலத்தையே மாற்றிவிட்டன. தாளின் நான்கு மூலைக்கும் நடுவுக்கும் பரவும்படி ஆறு புள்ளிகளாவது வேண்டும். பத்து இருந்தால் நிம்மதி. பிழை அளவு என்று மென்பொருள் காட்டும் எண்ணைக் குறித்து வைத்து, அந்தத் தாளிலிருந்து எடுத்த ஒவ்வொரு கோட்டோடும் அதைச் சேர்த்துவிடுங்கள்.

கோடு போடும் ஒழுங்கு

ரயிலை வரையத் தொடங்குங்கள். முதலில் முக்கியப் பாதை, பிறகு கிளை, பிறகு சைடிங், கடைசியில் சுரங்கத்துக்குள் ஓடிய, டப் எனும் கரித்தொட்டி வண்டிகளின் குறும்பாதை. முதல் மூன்றும் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை. அகலப்பாதை திடீரென்று திரும்பாது. பெரிய வட்டத்தின் துண்டாக மெதுவாக வளையும். இரண்டடி அகல டப் பாதை வீட்டு மூலையில்கூடத் திரும்பிவிடும். வளைவைப் பார்த்தே எது எது என்று பாதிக்கு மேல் பிரித்துவிடலாம். கொரோனா படத்தில் ஆற்றை நோக்கி முற்றிலும் நேராக ஓடும் கோடு தெரிந்தால் அதை ரயில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ரோப்வேயாக இருக்க வாய்ப்பு அதிகம். வெட்டியெடுத்த வெற்றிடத்தை ஆற்று மணலால் நிரப்பும் வேலைக்காகத் தாமோதரிலிருந்து மணலைக் கம்பிவடத்தில் தொட்டி தொட்டியாகத் தொங்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். அந்தக் கோடு முடியும் இடத்திலும் ஒரு சுரங்கம் இருக்கும்.

ஒவ்வொரு கோட்டுக்கும் புள்ளிக்கும் மூன்று உறுதி நிலைகளில் ஒன்று கொடுங்கள். நீங்களே தரையில் பார்த்து ஜி.பி.எஸ். எடுத்தது ‘கண்டது’; முழுக்கோடு. பழைய வரைபடத்திலோ ஆவணத்திலோ ஊரார் வாய்மொழியிலோ இருந்து, தரையில் காணக் கிடைக்காதது ‘பதிவு’, இடைவெளி விட்ட கோடு. இரண்டு தடயங்களுக்கு நடுவே இப்படித்தான் போயிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது ‘ஊகம்’, புள்ளிக்கோடு. மூன்றையும் ஒரே மாதிரி வரைந்த அழகான வரைபடங்கள் நிறைய உலவுகின்றன. அவற்றால் தீமைதான் அதிகம். பார்க்கிறவர் ஊகத்தை உண்மை என்று எடுத்துக்கொண்டு அதன்மேல் வீடு கட்டுவார்.

பட்டியலில் சுரங்கத்துக்கு ஒரு பெயர்க் கட்டம் போதாது. குத்தகைக் காலப் பெயர், நாட்டுடைமைக்குப் பிந்தைய பெயர், ஊரார் சொல்லும் பெயர் மூன்றும் வேண்டும். ‘காஸ்’, ‘நியூ’, ‘சென்ட்ரல்’, ‘ஈஸ்ட்’ என்று முன்னொட்டு மட்டும் மாறும் பெயர்களைச் சுருக்கி எழுதவே கூடாது; ஜாரியாவும் காஸ் ஜாரியாவும் வேறு வேறு. மவுசா, ஜெ.எல். எண், படுகை, ஆதாரம், ஆதாரத்தின் ஆண்டு, உறுதி நிலை ஆகியவற்றோடு, குழியா, சாய்வழியா, மேற்பரப்பு வெட்டா என்பதையும் எழுதுங்கள். ஒரே இடத்தின் கீழே இரண்டு மூன்று படுகைகளில் வெவ்வேறு காலத்து வேலை நடந்திருக்கும். படுகையை எழுதாத புள்ளியால் பாதிப் பயன்தான்.

தரையில்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். மழையில் நிலம் உள்வாங்குவது அதிகம், புதரும் மறைக்கும். தனியாகப் போகாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சுரங்கங்களின் எல்லைக்குள் ராணிகஞ்ச் பக்கம் ஈ.சி.எல். (ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ்), ஜாரியா பக்கம் பி.சி.சி.எல். (பாரத் கோக்கிங் கோல்) ஆகிய அரசு நிறுவனங்களின் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். ஜாரியாவில் 1916 முதல் நிலத்தடித் தீ எரிந்துகொண்டிருக்கிறது. தரையில் சூடு, கந்தக வாடை, வெடிப்பிலிருந்து ஆவி, மழைக்குப் பின் மற்ற இடத்துக்கு முன்பே உலர்ந்துவிடும் திட்டு ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் வந்த வழியே திரும்புங்கள். தீ ரயிலையும் விடவில்லை: தன்பாத்–சந்திரபுரா பாதையை அதன் அடியில் எரியும் தீயைக் காரணம் காட்டி 2017 ஜூன் 15 முதல் மூடி, 2019-இல்தான் மீண்டும் திறந்தார்கள். மூடிய குழிவாய்க்கு மேலே நடக்காதீர்கள். குகைபோலத் தெரியும் சாய்வழிக்குள் எட்டிப் பார்க்கவும் வேண்டாம்; அங்கே பிராணவாயு இல்லாத காற்று தேங்கி நிற்கும், மூக்குக்குத் தெரியாது.

சைடிங்கின் மண்கரையைப் பிடித்து நடந்தால், சின்னச் செங்கல் மதகுகள், வேலிக்கு நட்ட பழைய தண்டவாளத் துண்டுகள், கருங்கல் ஜல்லி கண்ணில் படும். நுனியை நெருங்கும்போது ஒரு சதுரக் குளம், கொதிகலனின் செங்கல் புகைபோக்கி, ஊருக்கு ஒதுக்குப்புறமாக வெடிமருந்துக் கிடங்கு, வளைந்த கூரையோடு தாழ்வாக வரிசை கட்டிய தொழிலாளர் குடியிருப்பு ஆகியவை வரும். அந்தக் குடியிருப்பை அங்கே ‘தாவ்ரா’ என்பார்கள். தாவ்ரா இருந்தால் குழி நடக்கும் தூரத்தில்தான்.

பிறகு பேச்சு. ஓய்வுபெற்ற தொழிலாளிகளிடம் சுரங்கத்தின் ஆங்கிலப் பெயரைக் கேட்டால் விழிப்பார்கள். ‘சானக்’ எங்கே என்று கேளுங்கள். குழிவாய்க்கு அங்கே அதுதான் பேர். மேற்பரப்பு வெட்டுக்கு ‘புகுரியா காத்’. வங்காளத்துப் பெரியவரைக் ‘காக்கு’ என்றும் இந்தி பேசும் பெரியவரைச் ‘சாச்சா’ என்றும் மரியாதையாக அழைத்து உட்கார்ந்து கேட்டால், மூன்றாம் நம்பர் சானக்கிலிருந்து கரி எந்தச் சைடிங்குக்குப் போனது, எந்த வருடத்து வெள்ளத்தில் நின்றது என்று சரம்சரமாக வரும். சொன்னதை ‘பதிவு’ நிலையில் குறியுங்கள்; இன்னொருவர் தனியே வந்து அதே இடத்தைக் காட்டினால் அதையும் சேருங்கள். சந்தால் பழங்குடிக் குடும்பங்களில் பெண்களிடமும் கேளுங்கள். நிலத்தடி வேலையிலிருந்து பெண்கள் விலக்கப்படுவதற்கு முன் அவர்களும் குடும்பமாகக் குழிக்குள் இறங்கியவர்கள்தான். அந்த நினைவு பாட்டி வழியாகப் பேத்திக்கு வந்திருக்கும்.

வெளியிடும்போது

2021 பிப்ரவரி 15 அன்று வந்த புவியிடத் தரவு வழிகாட்டுதலுக்குப் பிறகு, இந்தியக் குடிமகன் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி தேவையில்லை. குறிப்பிட்ட சில உணர்திறன் விவரங்களை மட்டும் சேர்க்கக் கூடாது. எனவே சட்டம் தடையில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மேலோட்டத்தில் கரி மிச்சமிருக்கும் பழைய வாய்களைத் துல்லியமாகக் காட்டினால் திருட்டுச் சுரங்கம் வெட்டுகிறவர்களுக்கு அது வசதியாகிவிடும்; அந்தக் குழிகளில் செத்துப்போகிறவர்கள் அன்றாடக் கூலிக்கு இறங்கும் ஏழைகள். பொது வரைபடத்தில் ரயில், கட்டடங்கள், சுரங்கப் பெயர்கள் இருக்கட்டும். திறந்து கிடக்கும் குழிவாயின் துல்லிய இடத்தையும் படுகை ஆழத்தையும் தனி அடுக்காக வைத்து, அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கும் நிலக்கரிக் கம்பெனியின் சர்வே அலுவலகத்துக்கும் தன்பாத் பாதுகாப்பு இயக்குநரகத்துக்கும் எழுத்து மூலம் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

வீடுகளுக்குக் கீழே போகும் பழைய வேலைத்தளத்துக்கு ஏதாவது ஆதாரம் உங்களிடம் சிக்கினால், வரைபடம் முழுதாக முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த ஒரு தாளை மட்டும் முதலில் கொண்டுபோய்க் கொடுங்கள். 2009-இல் மத்திய அரசு ஏற்ற ஜாரியா–ராணிகஞ்ச் மறுகுடியமர்வுத் திட்டம் ஜாரியாவில் 595 இடங்களையும் ராணிகஞ்சில் 139 இடங்களையும் கணக்கில் எடுத்தது. அந்தப் பட்டியலில் உங்கள் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆதாரத்தோடு சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் எழுதுங்கள்.